சேலத்துத் தொழில்களும் புதிய டிஜிட்டல் நடைமுறைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செவ்வாய்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு ஆகிய பகுதிகளின் வெள்ளிப் பட்டறைகளிலும், ஆத்தூர் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளிலும், இளம்பிள்ளையின் சேலைக் கடைகளிலும், ஏற்காட்டுத் தோட்டங்களிலும் கணக்கு மென்பொருள் அமைத்துக் கொடுத்து, அதைப் பயன்படுத்தக் கற்றுத் தருவது என் தொழில். போகுமிடமெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தாம் வருகின்றன. அவற்றுக்கு நான் வாய்மொழியாகச் சொல்லிவரும் பதில்களை, சட்டங்களும் தேதிகளும் தவறாமல் இருக்கும்படி சரிபார்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

எங்கள் கொலுசுப் பட்டறையில் ஆறு பேர்தான் வேலை செய்கிறோம். எங்களுக்கும் இதெல்லாம் தேவையா? தேவையென்றால் எங்கிருந்து தொடங்குவது?

தேவைதான். ஆனால் கணினி வாங்குவதிலிருந்து தொடங்க வேண்டாம். உங்கள் தொழிலில் எந்த இடத்தில் அடிக்கடி மனத்தாங்கல் வருகிறதோ அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். கொலுசுத் தொழிலில் அந்த இடம் எடை. வியாபாரி கட்டி வெள்ளியைக் கொடுக்கிறார். பட்டறையில் அது உருகிக் கம்பியாகிறது. கம்பி வளையமாகி வீடுகளுக்குப் போகிறது. அங்கே பெண்கள் கோத்துப் பற்றவைத்துத் திருப்பித் தருகிறார்கள். அதன் பிறகு மெருகு. கைமாறும் ஒவ்வொரு முறையும் சில கிராம் சேதாரம் உண்டு. அது யார் கையில் ஏற்பட்டது என்பதை, பேனாவால் கிறுக்கிய ஒரு சிட்டையை வைத்துத்தான் பல இடங்களில் இன்றும் முடிவு செய்கிறோம்.

சிவதாபுரத்தில் ஒரு பட்டறையில் நான் உட்கார்ந்திருந்தபோது, வீட்டிலிருந்தபடியே வளையம் கோக்கும் ஓர் அம்மா, முந்தானையில் முடிந்து வைத்திருந்த சிட்டையை எடுத்து விரித்தார். மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து தேய்ந்துபோய், கொடுத்த எடை 412 கிராமா 472 கிராமா என்று தெரியவில்லை. "அண்ணா, நீங்க எழுதிக் கொடுத்ததுதானுங்க, நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்றார். பட்டறைக்காரர் நேர்மையானவர், அவருக்கும் படிக்க முடியவில்லை. 60 கிராம் வெள்ளியின் விலை அந்த அம்மாவுக்குப் பல நாள் கூலி. கடைசியில் ஆளுக்குப் பாதி என்று முடித்துக்கொண்டார்கள். இருவருக்குமே மனம் ஆறவில்லை.

அதன் பிறகு அந்தப் பட்டறையில் செய்த மாற்றம் மிகச் சிறியது. எலக்ட்ரானிக் தராசு காட்டும் எண்ணைச் செல்பேசியில் படம் பிடிக்கிறார்கள். யார் கொடுத்தது, யார் வாங்கியது, எடை, டச் (வெள்ளியின் தூய்மை), நேரம் ஆகியவற்றை எக்செல் தாளில் ஒரு வரியாகப் பதிகிறார்கள். அந்த வரியையும் படத்தையும் அங்கேயே, அப்போதே வேலை எடுத்துச் செல்பவரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுகிறார்கள். இதற்குப் புதிதாக எந்தச் செலவும் ஆகவில்லை. நான் வற்புறுத்தியது ஒன்றை மட்டுமே: ஒரே பதிவு, ஒரே நேரத்தில், இரு தரப்பார் கையிலும் இருக்க வேண்டும். முதலாளியிடம் மட்டும் இருக்கும் கணக்கு எவ்வளவு விலையுயர்ந்த மென்பொருளில் இருந்தாலும் அந்த அம்மாவின் பார்வையில் அது பழைய சிட்டையைவிட மோசமானதே, ஏனெனில் சிட்டையாவது அவர் முந்தானையில் இருந்தது. கீழே வரும் பதில்கள் பலவற்றிலும் இந்த ஒரே அளவுகோலைத்தான் பயன்படுத்தியிருக்கிறேன்.

2025ஆம் ஆண்டில் வெள்ளி விலை வேகமாக ஏறியபோது இந்தப் பதிவின் அருமை இன்னும் நன்றாகத் தெரிந்தது. பொருள் கொடுத்த நாளின் விலைக்கும் கணக்கு முடிக்கும் நாளின் விலைக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்ததால், நாளும் நேரமும் குறிக்காத பட்டறைகளில் மனக்கசப்புகள் நிறைய எழுந்தன.

வெள்ளி நகைக்கும் ஆறு எழுத்து ஹால்மார்க் எண் வந்துவிட்டது என்கிறார்களே, அது கட்டாயமா?

தங்கத்துக்குக் கட்டாயம், 2023 ஏப்ரல் 1 முதல் எச்யுஐடி எனப்படும் ஆறு இலக்க எண் பொறித்த ஹால்மார்க் தங்க நகைகளை மட்டுமே விற்கலாம் என்ற விதி வந்தது. வெள்ளிக்கு அதே முறையை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2025 செப்டம்பர் 1 முதல் விருப்ப அடிப்படையில் கொண்டுவந்தது. எழுத்தும் எண்ணும் கலந்த இந்த அடையாளம் நகைக்கு நகை வேறுபடும். வாங்குபவர் அந்த அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அதைத் தட்டச்சு செய்தால் விற்றவரின் பதிவு விவரம், சோதித்த மையம், தூய்மை ஆகியவை தெரியவரும். வெள்ளிக்கு 800, 835, 925, 958, 970, 990, 999 என ஏழு தூய்மை நிலைகள் வகுக்கப்பட்டுள்ளன.

விருப்ப அடிப்படை என்றதும் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். என் கருத்து வேறு. சேலம் கொலுசு வடமாநிலங்கள் வரை போகிறது; அங்குள்ள கடைக்காரருக்கும் உங்களுக்கும் இடையே நிகழும் தர்க்கங்களில் பெரும்பங்கு டச் பற்றியதுதான். அவர் ஒரு மையத்தில் சோதிக்கிறார், நீங்கள் ஒரு மையத்தில் சோதிக்கிறீர்கள், இரண்டு முடிவும் ஒத்துப்போவதில்லை. இருவரும் ஒரே எண்ணைத் தட்டிப் பார்க்கும் நிலை வந்தால் அந்தப் பேச்சு பாதியாகக் குறையும். எடை மிகக் குறைந்த, விலை மலிந்த வகைகளுக்கு ஒவ்வொன்றாக முத்திரையிடுவது கட்டுப்படியாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கனமான வகைகளில் மட்டும் முதலில் முயன்று பாருங்கள்.

இ-இன்வாய்ஸ், இ-வே பில் இரண்டும் எங்களுக்குப் பொருந்துமா?

இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். 2017-18 நிதியாண்டு முதல் எந்த ஓர் ஆண்டிலாவது உங்கள் மொத்த விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியிருந்தால், 2023 ஆகஸ்ட் 1 முதல் பிற வணிகர்களுக்கு எழுதும் பில்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம். இந்த ஆண்டு விற்பனை குறைந்துவிட்டது என்பதால் விலக்குக் கிடைக்காது. உங்கள் பில்லின் விவரம் அரசின் பதிவுத் தளத்துக்குப் போய், 64 எழுத்துகள் கொண்ட ஓர் அடையாள எண்ணும் கியூஆர் குறியீடும் பெற்றுத் திரும்பி வரும். அந்த எண் இல்லாத பில்லை வைத்து வாங்குபவர் உள்ளீட்டு வரியை (கொள்முதலில் கட்டிய ஜிஎஸ்டியை) எடுப்பதில் சிக்கல் வரும் என்பதால், பெரிய கடைக்காரர்கள் இப்போது அதைப் பார்க்காமல் பணம் அனுப்புவதில்லை. விற்றுமுதல் 10 கோடியும் அதற்கு மேலும் உள்ளவர்கள், 2025 ஏப்ரல் முதல், பில் தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் பதிந்துவிட வேண்டும். தவறாகப் பதிந்த பில்லை அந்தத் தளத்தில் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம்.

இ-வே பில் என்பது சரக்கு நகர்வதற்கான அனுமதிச் சீட்டு. மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாய்க்கு மேலும், தமிழ்நாட்டுக்குள் என்றால் 1 லட்சம் ரூபாய்க்கு மேலும் மதிப்புள்ள சரக்குக்கு அது வேண்டும். சேகோ லோடுக்கும் சேலைக் கட்டுக்கும் இது பொருந்தும். வெள்ளி, தங்க நகைகள் விதிவிலக்குப் பட்டியலில் உள்ளன. ஆனால் பில்லோ டெலிவரி சலானோ கையில் இல்லாமல் கொலுசை வெளியூருக்குக் கொண்டுபோனால் வழியில் நிறுத்தப்படும்போது விளக்கம் சொல்ல முடியாது. பட்டறையிலிருந்து வேலைக்கு அனுப்பும் பொருளுக்கும் சலான் எழுதும் பழக்கம் வேண்டும்.

லீ பஜாரில் எங்கள் கடையில் கூட்டம் அதிகம். வாடிக்கையாளர் காட்டும் பணம் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டை நம்பலாமா?

கூடாது. யுபிஐ 2016இல் வந்தது முதல் நம் வணிகத்தை இவ்வளவு மாற்றிய வேறொரு வசதி இல்லை. வணிகரிடம் கட்டணம் பிடிக்காத முறை 2020 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் கண்ணுக்குக் காட்டப்படும் படத்தை யாரும் தயாரித்துவிட முடியும். உங்கள் ஒலிபெருக்கியோ, உங்கள் வங்கிச் செயலியோ சொன்னால்தான் பணம் வந்ததாகக் கொள்ளுங்கள். காலையில் கடை திறக்கும்போது ஒட்டியிருக்கும் கியூஆர் ஸ்டிக்கரை ஒருமுறை ஸ்கேன் செய்து, உங்கள் பெயர்தான் வருகிறதா என்று பாருங்கள். அதன்மேல் வேறொன்றை ஒட்டிவிட்டுப் போன சம்பவங்கள் நடந்திருக்கின்றன. பணம் பெறுவதற்கு ஒருபோதும் ரகசிய எண் போடத் தேவையில்லை என்பதைக் கடைப் பையன்களுக்கும் சொல்லி வையுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்கு முன் முடக்கினால்தான் மீட்க வாய்ப்பு உண்டு.

பெரிய நிறுவனங்களுக்குச் சரக்குக் கொடுத்தால் நான்கைந்து மாதம் பணம் வருவதில்லை. தொழில்நுட்பம் இதற்கு என்ன செய்யும்?

இது என்னை மிகவும் உறுத்தும் கேள்வி, ஏனெனில் இதற்கான வழி ஏற்கெனவே இருந்தும் பெரும்பாலோர் பயன்படுத்துவதில்லை. முதலில், சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு வேண்டும். 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள இப்பதிவு முற்றிலும் இலவசம். ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவர்கள் இடைத்தரகர்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களிலும், இல்லையென்றால் 15 நாட்களிலும் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தின் மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டியாகச் சேரும். 2024 ஏப்ரல் முதல், இந்தக் காலக்கெடுவைத் தாண்டிய தொகையை வாங்கியவர் அதைக் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். வாங்கி விற்கும் வணிகர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை; உற்பத்தியாளர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும் உண்டு.

டிரெட்ஸ் எனப்படும் இணையத் தளங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு நடக்கும் இவற்றில் உங்கள் பில்லைப் பதிந்து, வாங்கிய நிறுவனம் அதை ஒப்புக்கொண்டதும், வங்கிகள் போட்டி போட்டு அதைத் தள்ளுபடி விலைக்கு எடுத்துக்கொண்டு உங்களுக்கு முன்கூட்டியே பணம் தரும். பிறகு அந்த நிறுவனம் பணம் கொடுக்கத் தவறினாலும் வங்கி உங்களிடம் திருப்பிக் கேட்க முடியாது. 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் 2025 மார்ச் 31க்குள் இத்தளங்களில் சேர்ந்திருக்க வேண்டும் என்று மத்திய அரசு அறிவித்தது. ஆகவே பெரிய நிறுவனம் ஒன்றின் கொள்முதல் அதிகாரியிடம் அடுத்த முறை பேசும்போது, "டிரெட்ஸில் இருக்கிறீர்களா?" என்ற ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வங்கியில் கடன் கேட்டால் கட்டுக்கட்டாகக் காகிதம் கேட்கிறார்களே?

2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அக்கவுண்ட் அக்ரிகேட்டர் முறையில், உங்கள் வங்கிக் கணக்கு விவரத்தையும் ஜிஎஸ்டி விவரத்தையும் உங்கள் ஒப்புதலின் பேரில் நேரடியாகக் கடன் தருபவருக்கு அனுப்ப முடியும். இடையில் நின்று அவற்றைக் கடத்தும் அக்ரிகேட்டர் நிறுவனத்தால் அவற்றைப் படிக்க முடியாது. எந்த விவரம், எத்தனை மாதத்துக்கு, எந்தக் காரணத்துக்கு என்பது ஒப்புதல் திரையில் எழுதியிருக்கும். நிதானமாகப் படித்து, கடன் முடிவான பிறகு அந்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். உங்கள் செல்பேசியின் தொடர்பு எண்களையும் படங்களையும் கேட்கும் கடன் செயலிகள் இம்முறையைச் சேர்ந்தவை அல்ல, அவற்றை அண்டவிடாதீர்கள்.

சேகோ ஆலையில் சென்சார் வைக்கச் சொல்கிறார்கள். எதை அளக்க வேண்டும்?

சென்சார் விற்பவர்கள் எல்லாவற்றையும் அளக்கச் சொல்வார்கள். ஆலையின் நிலையைப் பார்த்தால் மூன்று அளவுகளில்தான் பணம் ஒளிந்திருக்கிறது.

முதலாவது, நேரம். குச்சிக்கிழங்கு (மரவள்ளி) தோண்டிய இரண்டு மூன்று நாட்களிலேயே கெடத் தொடங்கும். லாரி எடைமேடைக்கு வந்த நேரம், இறக்கிய நேரம், அரைக்கப்பட்ட நேரம் மூன்றையும் பதிந்து வைத்தால், மாவு எங்கே குறைகிறது என்பது ஒரு பருவத்திலேயே பிடிபடும். இதற்குச் சென்சார்கூடத் தேவையில்லை. எடைமேடைக் கணினியில் ஒரு கட்டம் கூடுதலாகச் சேர்த்தால் போதும்.

இரண்டாவது, மின்சாரம். அரைவை மோட்டார், பம்பு, உலர்த்தி ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மீட்டர் பொருத்தி, அதை மணிக்கணக்கில் பார்த்தால், கிழங்கு இல்லாமல் வெறுமனே ஓடும் மோட்டார் எது, தேய்ந்த பேரிங்கினால் கூடுதல் மின்சாரம் இழுப்பது எது என்று தெரியும். பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் பயன்படும் பங்கு) குறைந்து அபராதம் கட்டும் ஆலைகளுக்கு இந்த மீட்டரின் விலை விரைவிலேயே திரும்பி வந்துவிடும்.

மூன்றாவது, பாயிண்ட். இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கிழங்கில் எவ்வளவு மாவுச்சத்து இருக்கிறது என்பதைக் குறிக்கும் பாயிண்டை வைத்தே விவசாயிக்கு விலை போடப்படுகிறது. ஆலைக்குள் ஒரு மூலையில் அளக்கப்படும் அந்த எண்ணைக் கிழங்கு கொண்டுவந்தவர் பெரும்பாலும் பார்ப்பதில்லை. வெளியே நின்றுகொண்டு, சொன்னதைக் கேட்டுக்கொள்கிறார். ஆண்டுதோறும் எழும் புகார்களின் வேர் இங்கேதான் இருக்கிறது. அளக்கும் கருவியின் எண்ணை வெளியே தெரியும் ஒரு திரையில் காட்டுவதும், எடை, பாயிண்ட், கழிவு, நேரம் நான்கையும் குறுஞ்செய்தியாக விவசாயிக்கு அனுப்புவதும் இன்று மிக எளிது. ஆலை முதலாளிகள் சிலர் இதைக் கேட்டுத் தயங்குகிறார்கள். திரை வைக்கும் ஆலைக்குத்தான் விவசாயி முதலில் வண்டியைத் திருப்புவார் என்றும், கிழங்கு தட்டுப்பாடாகும் மாதங்களில் அது லாபமாகத் தெரியும் என்றும் அவர்களிடம் சொல்லி வருகிறேன்.

சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1981இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பு, மாவையும் ஜவ்வரிசியையும் ஏல முறையில் விற்றுத் தருகிறது. கலப்படம் பற்றிய பேச்சு அடிக்கடி எழும் தொழில் இது என்பதால், மூட்டையிலுள்ள குறியீட்டை ஸ்கேன் செய்தால் எந்த ஆலை, எந்த நாள் அரைத்தது, சோதனை முடிவு என்ன என்று தெரியும் ஏற்பாடு விரைவில் எல்லா ஆலைகளுக்கும் தேவைப்படும் என்று நம்புகிறேன்.

இளம்பிள்ளை வியாபாரிகளைப்போல யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் சேலை விற்கலாமா, அல்லது பெரிய தளங்களில் சேர்வதா?

முதலில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் தொடங்குங்கள். பொருள் பட்டியல், தயார் பதில்கள், ஆர்டர் நிலையைக் குறிக்கும் லேபிள்கள் ஆகிய மூன்றையும் சரியாக அமைத்தாலே ஒரு சிறிய கடைக்குப் போதும். நேரலையில் சேலையை விரித்துக் காட்டி விற்பதில் பலம் என்னவென்றால், முந்தி, உடல், பார்டர் மூன்றையும் வாங்குபவர் ஓடும் படத்தில் பார்க்கிறார். திருப்பி அனுப்புவது குறைகிறது. நிறத்தைப் பற்றி மட்டும் உண்மையைச் சொல்லுங்கள்: வெள்ளை ட்யூப் வெளிச்சத்தில் அரக்கு சிவப்பாகத் தெரியும், ஆகவே ஒருமுறையாவது வாசல் வெளிச்சத்தில் காட்டுங்கள்.

பெரிய தளங்களில் விற்பனை கிடைக்கும். ஆனால் வாங்கியவர் யார் என்பது தளத்துக்குத்தான் சொந்தம். மத்திய அரசின் முயற்சியில் உருவான ஓஎன்டிசி இதற்கு மாற்றாக வந்தது. ஒரு செயலியில் இருக்கும் விற்பனையாளரை வேறொரு செயலியில் இருக்கும் வாங்குபவர் காணும்படி செய்யும் பொது வலையமைப்பு இது. 2022இல் சோதனை தொடங்கிய ஐந்து நகரங்களில் நம் பக்கத்துக் கோயம்புத்தூரும் ஒன்று. முழுக்க அதை நம்பி இறங்கச் சொல்ல மாட்டேன். இருக்கும் வழிகளோடு இன்னொரு வழியாக வைத்துக்கொள்ளலாம்.

ஏற்காட்டில் பத்து ஏக்கர் காபித் தோட்டம் இருக்கிறது. ஐரோப்பாவுக்குப் போகும் காபிக்கு நிலத்தின் ஜிபிஎஸ் எண் கேட்பது எதற்காக?

1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்திலிருந்து தோட்டத்தின் எல்லை என்பது ஓடை, பாறை, சில்வர் ஓக் வரிசை ஆகியவற்றால் குறிக்கப்பட்டு வந்திருக்கிறது. இப்போது அதை எண்ணால் குறிக்கச் சொல்கிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒரு சட்டம் இயற்றியது. காபி, கோகோ, ரப்பர், சோயா, பாமாயில், மரம், கால்நடை ஆகிய ஏழு பொருள்களும் 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்தவையாக இருக்கக் கூடாது என்பதும், விளைந்த நிலத்தின் இருப்பிடத்தை எண்ணால் காட்ட வேண்டும் என்பதும் அதன் சாரம். 4 ஹெக்டேருக்கு உட்பட்ட நிலத்துக்கு ஒரே ஒரு புள்ளி போதும். அதற்கு மேற்பட்டால் எல்லை முழுவதையும் வரைந்து தர வேண்டும். உங்கள் பத்து ஏக்கர் 4 ஹெக்டேரைச் சற்றே தாண்டுகிறது, ஆகவே எல்லையை வரைந்து வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. நடைமுறைக்கு வரும் தேதி ஒன்றுக்கு மேற்பட்ட முறை தள்ளிப்போயிருக்கிறது. இருந்தாலும் இந்தியக் காபி பெருமளவு இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் போவதால் ஏற்றுமதியாளர்கள் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

வரைவது கடினமன்று. செல்பேசியில் ஜிபிஎஸ் செயலி ஒன்றை ஓடவிட்டு எல்லையை ஒருமுறை சுற்றி நடந்தால் கோடு விழுந்துவிடும். நிழல்மரங்களின் அடர்த்தியில் கோடு பல மீட்டர் விலகும் என்பதால், திருப்பங்களில் சில நிமிடங்கள் நின்று எண் நிலைத்த பிறகு குறியுங்கள். பட்டா வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கே நான் மீண்டும் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. வியாபாரியின் ஆள் வந்து தன் செல்பேசியில் எல்லையை எடுத்துக்கொண்டு போனால், அந்தக் கோப்பின் பிரதி ஒன்றை அன்றே கேட்டு வாங்குங்கள். பிரதி அவரிடம் மட்டும் இருந்தால், அடுத்த ஆண்டு வேறொருவருக்கு விற்க நினைக்கும்போது உங்கள் நிலத்தின் விவரத்துக்காகவே அவரிடம் போய் நிற்க வேண்டியிருக்கும்.

மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைப்பதில்லையே?

இணையம் இல்லாதபோது செல்பேசியிலேயே சேமித்து, சிக்னல் வந்ததும் தானாக அனுப்பும் செயலிகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். வாங்கும் முன் செல்பேசியை விமானப் பயன்முறையில் போட்டு, இரண்டு கூடை பழத்தின் எடையைப் பதிந்து பாருங்கள். பதிவாகாமல் திரை சுற்றிக்கொண்டே நின்றால் அந்தச் செயலி தோட்டத்துக்கு உதவாது. விடுதி நடத்துபவர்கள் ஒரே சிம்மை நம்பாமல் வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு இணைப்புகளை வைத்திருப்பது நல்லது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த விருந்தினரிடம் பணம் வாங்க முடியாமல் நிற்பது இருவருக்கும் சங்கடம்.

செயற்கை நுண்ணறிவு எங்கள் தொழிலில் எதற்குப் பயன்படும்?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு இந்தக் கேள்வி வராத நாளில்லை. எழுத்து வேலையில் இது மெய்யாகவே கை கொடுக்கிறது. இந்தியில் வரும் வியாபாரக் கடிதத்தைத் தமிழில் புரிந்துகொள்ளவும், அதற்குப் பணிவான மறுமொழி எழுதவும், குரலில் சொன்ன ஆர்டரை எழுத்தாக்கவும், ஓராண்டு விற்பனைப் பட்டியலைக் கொடுத்து எந்த வகை எந்த மாதத்தில் போகிறது என்று கேட்கவும் பயன்படுத்துங்கள். செவ்வாய்பேட்டையில் ஒரு வியாபாரி, இந்தி தெரிந்த ஆள் விடுமுறையில் போனால் இரண்டு நாள் காத்திருந்தவர், இப்போது தானே பதில் அனுப்புகிறார். அவர் முகத்தில் அன்று பார்த்த நிம்மதி, இத்தொழில்நுட்பத்தைப் பற்றிய எந்த விளம்பரத்தையும்விட எனக்கு நல்ல சான்று.

எண்ணிலும் விதியிலும் அதை நம்பாதீர்கள். வரி விகிதம், சரக்கு வகையைக் குறிக்கும் எச்எஸ்என் எண், கடைசித் தேதி ஆகியவற்றைக் கேட்டால், தெரியாத போதும் தெரிந்ததைப்போலவே சரளமாகச் சொல்லிவிடும். கொலுசு வகைகளின் பெயர்களைக் கேட்டால் இல்லாத பெயர்களையும் புனைந்துவிடும். அரசின் தளத்திலோ உங்கள் ஆடிட்டரிடமோ சரிபார்க்காத எதையும் பில்லில் ஏற்ற வேண்டாம். மேலும், வாடிக்கையாளர் நம்பிக்கையோடு கொடுத்த புதிய டிசைனை இலவசச் செயலிகளில் ஏற்றாதீர்கள். அது எங்கே சேமிக்கப்படுகிறது, எதற்குப் பயன்படுகிறது என்பது உங்கள் கையில் இல்லை.

கணக்கைக் கிளவுடில் வைப்பதா, கடைக் கணினியில் வைப்பதா?

எதில் வைத்தாலும் மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறு இடத்தில் என்ற பழைய விதியை விடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு மொத்தத் துணி வியாபாரத்தில் நாள்தோறும் பேக்கப் எடுத்தார்கள். ஆனால் எடுத்த ஹார்டு டிஸ்கை அதே கணினியில் செருகியபடியே விட்டிருந்தார்கள். ஒரு மின்னஞ்சல் இணைப்பைத் திறந்ததில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்து, கணினியோடு சேர்த்து அந்தப் பிரதியையும் பூட்டிவிட்டது. எட்டு மாதக் கணக்கை பில் புத்தகங்களிலிருந்து மறுபடி தட்டச்சு செய்தோம். அதில் நானும் உட்கார்ந்தேன். எடுத்த பிரதியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. கணக்கில் செய்யும் திருத்தங்களைப் பதிந்து வைக்கும் வசதி, பதிவு செய்யப்பட்ட கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல் முதல் கட்டாயம்; கூட்டு வணிகமும் தனி வணிகமும் அதை அணைக்காமல் வைத்திருப்பதே நல்லது.

வாடிக்கையாளர்களின் பெயர், தொலைபேசி எண்களையும் இதே கவனத்தோடு காக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அவை படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. எண் கொடுத்தவரின் ஒப்புதல் இல்லாமல் அந்தப் பட்டியலை வேறு கடைக்குக் கொடுப்பதை இப்போதே நிறுத்திவிடுங்கள்.

மென்பொருள் விற்க வருபவரிடம் என்ன கேட்க வேண்டும்?

தமிழில் பில் அச்சாகுமா, பழுதானால் சேலத்துக்கே ஆள் வருவாரா, ஆண்டுக் கட்டணம் எவ்வளவு ஏறும் என்பனவெல்லாம் நீங்களே கேட்பீர்கள். பெரும்பாலோர் விட்டுவிடும் கேள்வி, பிற்காலத்தில் வேறு மென்பொருளுக்கு மாறினால் நம் கணக்கு முழுவதும் நமக்குக் கிடைக்குமா என்பது. "கிடைக்கும் சார்" என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன், அவர் வைத்திருக்கும் மாதிரிக் கணக்கிலிருந்து ஓராண்டுப் பதிவுகளையும் எடை விவரங்களையும் உங்கள் எதிரிலேயே ஒரு பென்டிரைவில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதைக் கொண்டுபோய், அந்த மென்பொருள் இல்லாத வேறொரு கணினியில், எக்செல்லில் திறந்து, தேதி வரிசை சரியாக இருக்கிறதா, தமிழ்ப் பெயர்கள் கட்டங்களாக மாறாமல் வந்திருக்கின்றனவா, கூட்டுத்தொகை திரையில் பார்த்ததோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போன பிறகு காசோலையை எழுதுங்கள்.